அறைக்கொரு காது

நிலாவின் தென்முனைக் குடியேற்றத்தில் பொழுது தானாக விடிவதில்லை. யாராவது சொன்னால்தான் விடியும்.

பாறைக்கு அடியில் குடைந்த குகைவீடுகள் அவை. சன்னல் கிடையாது, வாசலுக்கு வந்தால் வானமும் கிடையாது. வீட்டில் ஒருவர் கண் விழித்து "விடியட்டும்" என்றதும் கூரை முதலில் செம்மண் நிறமாகும், பிறகு மஞ்சளாகும், முகம் கழுவி வருவதற்குள் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். பக்கத்து வீட்டில் அப்போதுதான் இருட்டியிருக்கும். அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. அவரவர் வீட்டுப் பொழுது அவரவர் வாயில்.

நாச்சிமுத்து வீட்டுப் பொழுது நாச்சிமுத்துவின் வாயில். பனிச்சுரங்கத்தில் நீரேற்றுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கொட்டாவியோடு "விடியட்டும்" என்பார், விடியும். அடுத்த மூச்சில் "டீ" என்பார், டீ வரும். "துண்டு" என்பார், துண்டு வரும். எல்லாவற்றையும் காற்றைப் பார்த்தே சொல்வார். வெளிச்சம் என்றால் விளக்கு செய்தது. டீ என்றால் அவருடைய மனைவி கருணாம்பிகை செய்தார். இரண்டுக்கும் அவர் குரலில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. பொள்ளாச்சியை விட்டு நிலாவுக்குக் கிளம்பிய கப்பலில் கருணாம்பிகைக்கு வாந்தி நிற்காமல் போனபோது, தூங்காமல் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் மட்டும் கிடையாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவரைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரியாதா? இதற்குப் பேர் வேறு எதற்கு என்பது அவர் கட்சி.

அதுவரை எல்லா வீடுகளுக்கும் கூடத்தில் ஒரே ஒரு காதுதான், அதாவது குரல் கேட்கும் பொத்தான் ஒன்றுதான், பொருத்தியிருந்தார்கள். அது வீட்டுத் தலைவரின் குரலுக்கு மட்டுமே கட்டுப்படும். மற்றவர்களுக்குக் கதவோரத்தில் கைப்பலகை இருந்தது; தொட்டால் எரியும், தொட்டால் அணையும். இதில் ஒரு தொல்லை. நாச்சிமுத்து கூடத்தில் செய்தி கேட்டு முடித்து "அணை" என்றால் வீடு மொத்தமும் இருண்டுவிடும். சமையலறையில் கையில் கரண்டியோடு நிற்கும் கருணாம்பிகை, இருட்டுக்குள்ளிருந்து "ஏனுங்க…" என்பார். "ஓ, நீ அங்கயா இருக்கறே?" என்று கேட்டுவிட்டு இவர் மறுபடி வெளிச்சத்தை வரவழைப்பார். ஒவ்வொரு முறையும் அதே ஆச்சரியத்தோடு கேட்பார்.

இப்படி எல்லா வீடுகளிலும் வெளிச்சம் வீணாவதைப் பார்த்த நிர்வாகம் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. அறைக்கு ஒரு காது. ஒருவர் எந்த அறையில் பேசுகிறாரோ அந்த அறை விளக்குதான் கேட்கும். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று பதிவான ஆணைக்குரல் இருக்க வேண்டும். யார் குரல் எந்த அறைக்கு என்பதை மனிதர்கள் எழுதிக்கொடுக்க முடியாது. காதுகளே ஒரு மாதம் சும்மா கேட்டுக்கொண்டிருந்து தாமாகக் கற்றுக்கொள்ளும். எழுதிக்கொடுக்க விட்டால் என்ன நடக்கும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். ரேஷன் அட்டையில் செத்துப்போனவர்கள் பேரை வைத்துச் சர்க்கரை வாங்கிய பரம்பரை அல்லவா நாம்! அடுத்த கப்பலில் வருகிறவர்களுக்கு இடம் இல்லாத நேரம் அது. அதனால் காதுகள் எண்ணிச் சொல்லும் தலைக்கணக்குப்படிதான் அறைகளும்: ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கூடம், படுக்கையறை, சமையலறை, அவ்வளவுதான். இருவர் இருந்தால் கூடுதலாக ஒரு சிறிய அறை.

நாச்சிமுத்து வீட்டில் அந்தச் சிறிய அறை இருந்தது. அதற்குள் ஒரு நாற்காலியும், கருணாம்பிகை பூமியிலிருந்து துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்த ஒரு மஞ்சள் விளக்கும் இருந்தன. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு அவர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்காருவார். என்ன செய்வார் என்று நாச்சிமுத்து கேட்டதில்லை. உள்ளே சத்தம் எதுவும் வராது. கூடத்திலிருந்து "தண்ணி" என்ற சத்தம் போனதும் எழுந்து வந்துவிடுவார்.

காதுகளைப் பொருத்த ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நாச்சிமுத்து மறுத்துவிட்டார்.

"பனிமலையவே உருக்கிக் குழாய்ல ஏத்துனவன் நான். இந்தப் பொத்தான மாட்டறதுக்கு ஒரு ஆளா?"

அவரே ஏணி போட்டு ஏறி, அறை அறையாகக் காதுகளைப் பதித்தார். கருணாம்பிகை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு காதும் விழித்துக்கொண்டதும் அறையின் பெயரைக் கேட்டது. "கூடம்" என்றார். "படுக்கையறை" என்றார். "சமையலறை" என்றார். சிறிய அறையில் "சாமான் அறை" என்றார்.

"அது சாமான் அறை இல்லீங்க," என்றார் கீழே நின்ற கருணாம்பிகை.

"அந்தத் திருப்புளியக் குடு," என்றார் நாச்சிமுத்து. கொடுத்தார்.

கடைசியாகக் கூடத்துக் காது கேட்டது. "இந்த வீட்டில் ஆணையிடுபவர்கள் எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபடி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாச்சிமுத்து பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

கற்றல் மாதம் வழக்கம்போலத்தான் ஓடியது. காதுகள் வாயைத் திறக்கவில்லை. நாச்சிமுத்து காற்றைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எல்லாம் நடந்தது. நடுவில் ஒருநாள் கருணாம்பிகை, "முழங்கால் ரெண்டும் புடிச்சுக்குதுங்க. எந்திரிக்க முடியல," என்றார். நிலாவில் உடம்பு இலேசாக இருக்குமே தவிர, எலும்பு உள்ளுக்குள் மெல்ல மெல்ல உளுத்துக்கொண்டே வரும். அங்கே வயதானவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். "நிலாவுல ஏது கனம்? கனமில்லாத எடத்துல வலி எப்புடி வரும்?" என்று கேட்டு, கேள்வியின் அழகில் தானே மகிழ்ந்து, "டீ" என்றார் நாச்சிமுத்து.

மாதம் முடிந்த மறுநாள் மதியம் அறைத் தணிக்கையாளர் வந்தார். ஜெசிந்தா என்று பேர், தூத்துக்குடிப் பெண். விதிப்படி காதுகள் கற்றுக்கொண்டதை வீட்டார் எல்லாரும் இருக்கும்போது உரக்கச் சொல்ல வேண்டும். தணிக்கையாளர் கேட்டு உறுதி செய்ய வேண்டும். நாச்சிமுத்து சட்டை மாற்றிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கருணாம்பிகை உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்துக் காது தொண்டையைச் செருமாமல் நேராக ஆரம்பித்தது.

"குடியிருப்பவர் ஒருவர். ஆணைக்குரல் நாச்சிமுத்து. கூடத்திலும் படுக்கையறையிலும் அவர் குரல் பதிவாகியுள்ளது. சமையலறைக்கும் சாமான் அறைக்கும் ஆணைக்குரல் இல்லை."

"ஒருத்தரா?" என்று நிமிர்ந்தார் ஜெசிந்தா.

"கருவிகள்: விளக்குகள், காற்றாடிகள், நீர்ச்சூடேற்றி. இவை தவிர நடமாடும் கருவி ஒன்று. ஆணைக்குரலின் ஒற்றைச் சொல்லுக்கு எல்லா அறைகளிலும் இயங்குகிறது. பெயர் சூட்டப்படவில்லை. சில சமயம் இக்கருவியிலிருந்து பேச்சொலி வருகிறது. அந்த ஒலிக்கு இந்த வீட்டில் எதுவும் அசைவதில்லை. ஆகவே அது ஆணை அல்ல."

சமையலறை வாசலில் டீ டம்ளர்களோடு கருணாம்பிகை நின்றுவிட்டார். டம்ளரில் டீ மட்டும் நிலாவுக்கே உரிய சோம்பலோடு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"நடமாடும் கருவி மாதத் தொடக்கத்தில் இருந்ததைவிட இப்போது மெதுவாக இயங்குகிறது. எழும்போதெல்லாம் ஒரு முனகல் கேட்கிறது. தேய்மானமாக இருக்கலாம். மாற்றிக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. அறிக்கை முடிந்தது."

ஜெசிந்தா தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"முட்டாப் பய மிசினு!" என்று துள்ளி எழுந்தார் நாச்சிமுத்து. நிலாவில் துள்ளினால் கொஞ்சம் அதிகமாகவே எழும்பும். தலை கூரையில் இடித்துக்கொண்டது. "அது என்ற சம்சாரம்!"

"சம்சாரம் என்ற பெயரில் கருவி இல்லை. இந்தப் பெயரைச் சேர்க்கட்டுமா?"

"அதைத் திட்டாதீங்க," என்றார் கருணாம்பிகை. டீயைக் கொண்டுவந்து வைத்தார். "காதுல விழுந்ததத்தானே சொல்லுது."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் நாச்சிமுத்துவை என்னவோ செய்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட ஒரு சின்ன விஷயம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்த முனகல். அவரும் அதைக் கேட்டிருக்கிறார். நாற்காலி முனகுகிறது, எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்திருந்தார். சுவரில் பதித்த ஒரு பொத்தானுக்கு ஒரு மாதத்தில் தெரிந்தது, கூடவே வாழ்ந்த மனிதருக்குத் தெரியாமல் போயிற்று.

காதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? குரலுக்கு எரியும் விளக்கை நிலாவில் கண்டுபிடித்ததாகப் பொறியாளர்கள் பீற்றிக்கொள்கிறார்கள். பூமியில் நம் வீடுகளில் அது எப்போதோ வந்தாயிற்று. ஐயா சோபாவில் சாய்ந்திருப்பார். சுவிட்சு அவர் தலைக்கு மேலேயே இருக்கும், கையை நீட்டினால் எட்டும். ஆனாலும் "ஃபேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். அடுப்படியிலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போவார். நாச்சிமுத்துவின் அப்பா வீட்டில் அப்படித்தான். இதைப் படிக்கிறவர் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது.

ஜெசிந்தா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஐயா, ஒருத்தர்னு பதிவாயிட்டுன்னா இந்தச் சின்ன அறைய இன்னைக்கே நான் பூட்டி முத்திரை வச்சாகணும். விதி அப்படி. கைப்பலகையும் இன்னையோட வேலை செய்யாது. ஆனா ஒரு வழி இருக்கு. நான் இங்க இருக்கும்போதே அம்மா அந்த அறையில ஒரு ஆணை போட்டு, அது நடந்துட்டுன்னா, காது அவங்கள ஆளாச் சேர்த்துக்கிடும். ஒரே ஒரு ஆணை போதும்."

பூட்டுவார்கள் என்றதும்தான் கருணாம்பிகையின் முகம் மாறியது. நாச்சிமுத்து அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை; அல்லது பார்க்க நேரம் ஒதுக்கியதில்லை. "அந்த ஒரு அறைதானுங்க எனக்கு," என்றார் கருணாம்பிகை, ஜெசிந்தாவிடம்.

மூவரும் சிறிய அறைக்குப் போனார்கள். இருட்டாக இருந்தது. கருணாம்பிகை நடுவில் நின்று மேலே பார்த்தார்.

"வெளக்குப் போடலாங்களா?" என்றார்.

காது பேசாமல் இருந்தது. கேள்வி ஆணையாகாது.

"கொஞ்சம் வெளிச்சம் இருந்தாத் தேவல."

அதுவும் ஆணையாகவில்லை. கருணாம்பிகையின் கை தானாகக் கைப்பலகையைத் தேடிப் போனது. பாதியில் நினைவு வந்து நின்றது.

"சத்தமாச் சொல்லு!" என்றார் வாசலில் நின்ற நாச்சிமுத்து.

"கொஞ்சம் வெளிச்சம் இருந்தாத் தேவல!" என்று சத்தமாகச் சொன்னார் கருணாம்பிகை.

"நடமாடும் கருவி ஆணைக்கு இயங்கியது," என்றது காது.

"ஐயையோ, ஐயா!" என்று பதறினார் ஜெசிந்தா. "நீங்க சொல்லி அவங்க செஞ்சா அதுவும் கணக்குல ஏறுதுல்லா? சும்மா இருங்க."

"அட, உதவிதான பண்றேன்! இந்தா, நேரா நில்லு. 'எரி'ன்னு மட்டும் சொல்லு."

கருணாம்பிகை நேராக நின்றார். "எரி," என்றார்.

"நடமாடும் கருவி ஆணைக்கு இயங்கியது."

நாச்சிமுத்து வாயை மூடிக்கொண்டார். மூடிய பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று. சொல்வதற்கு ஏதேதோ நாக்கு நுனியில் வந்து வந்து முட்டியது. மெதுவாகச் சொல், அவசரப்படாதே, பயப்படாதே. எல்லாமே உத்தரவாகத்தான் இருந்தது. இவளிடம் பேச உத்தரவைத் தவிர வேறு வார்த்தையே என்னிடம் இல்லையா என்று தேடிப் பார்த்தார். நிஜமாகவே இல்லை.

பேசாமல் நின்றாரே தவிர, நிற்பதில்கூட ஒரு அதிகாரம் இருந்திருக்க வேண்டும். கருணாம்பிகை மேலே பார்ப்பதும், ஓரக்கண்ணால் வாசலைப் பார்ப்பதும், உதட்டைத் திறந்து மூடுவதுமாக இருந்தார். ஒரு வார்த்தை வருவதற்குள் அதற்கு இவர் முகத்தில் சம்மதம் இருக்கிறதா என்று தேடினார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார். முழுதாக அவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க அக்கட்டால போங்க."

நாச்சிமுத்துவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"உங்களத்தானுங்க. கூடத்துக்குப் போங்க. போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க."

போனார். கதவைச் சாத்திவிட்டும் போனார். கூடத்துக்கு வந்து நின்றபோதுதான், தான் போய்விட்டோம் என்பது அவருக்கே உறைத்தது.

கூடத்துக் காது பேசியது. "சாமான் அறையில் ஆணைக்குரல் கண்டறியப்பட்டது. ஆணை நிறைவேறியது. குடியிருப்பவர் இருவர். நடமாடும் கருவி ஒன்று நீக்கப்பட்டது." ஒரு நொடி இடைவெளி விட்டது. "புதிய நடமாடும் கருவி ஒன்று சேர்க்கப்பட்டது. சொன்னவுடன் இயங்கியது. நல்ல நிலையில் உள்ளது."

சிறிய அறையின் கதவு இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே காது ஏதோ கேட்டது. அறையின் பெயரைத்தான் கேட்டிருக்க வேண்டும். கருணாம்பிகை ஏதோ சொன்னார். என்ன பேர் வைத்தார் என்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

ஜெசிந்தா மட்டும் வெளியே வந்தார். "முடிஞ்சிட்டு ஐயா. சமையலறைக்கு யார் குரலும் இல்லாததால அதையும் அம்மா தன் குரலுக்கே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நான் வாறேன்." ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினார்.

நாச்சிமுத்து கூடத்தில் உட்கார்ந்தார். கதவு திறக்கும் என்று பார்த்தார். திறக்கவில்லை. வாய் உலர்ந்திருந்தது.

"தண்ணி," என்றார் காற்றைப் பார்த்து.

காற்று சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சமையலறைக்குப் போனார். உள்ளே கும்மிருட்டு.

"வெளிச்சம்."

"இந்த அறையில் உங்கள் குரல் பதிவாகவில்லை."

ஒரு மாதம் முழுக்க அந்த அறைக்குள் நின்று அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. குரல் எப்படிப் பதிவாகும்? இருட்டில் கையைத் துழாவினார். எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சொந்த வீட்டில், தானே காது பொருத்திய அறையில், வழி தெரியாமல் நின்றார். இதே இருட்டுக்குள் நின்றுதானே அவள் "ஏனுங்க" என்று கூப்பிடுவாள் என்ற நினைப்பு வந்தது. "நீ அங்கயா இருக்கறே?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வேறு எங்கே இருப்பாள்?

"கருணாம்பிகை," என்று கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பெயரைச் சொல்ல வாய் கூசியது. கல்யாணப் பந்தலில் முதன்முதலாகப் பேசுகிற மாதிரி இருந்தது. குரல் வேறு கம்மிவிட்டது. சிறிய அறை வரை போயிருக்காது. இரண்டாம் முறை கூப்பிட அவருக்குத் தைரியம் வரவில்லை.

எதையோ தட்டிவிட்டார். எதுவோ மெல்ல மிதந்து போய்த் தரையில் விழுந்தது. ஒருவழியாக ஒரு டம்ளர் கையில் அகப்பட்டது, குழாயும் அகப்பட்டது. தண்ணீரைப் பிடித்து உதட்டருகே கொண்டுபோனவர், குடிக்காமல் நின்றார். காலையிலிருந்து கருணாம்பிகை ஏதாவது குடித்தாரா என்று யோசித்தார். தெரியவில்லை. நேற்று குடித்தாரா? அதுவும் தெரியவில்லை.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் மெல்ல மெல்ல நடந்து சிறிய அறையின் கதவுக்கு வெளியே வந்து நின்றார். தட்டலாமா என்று தயங்கினார். அதற்குள் அறைக்குள்ளிருந்து காதின் குரல் கேட்டது.

"எச்சரிக்கை. நடமாடும் கருவி யாரும் சொல்லாமல் தானாக இயங்குகிறது. ஆணைப்பதிவில் இதற்குக் காரணம் இல்லை. பழுதாக இருக்கலாம். பழுது பார்ப்பவரை அழைக்கட்டுமா?"

உள்ளே நாற்காலி முனகும் சத்தம் கேட்டது. இல்லை, நாற்காலி இல்லை. அது என்ன சத்தம் என்று இப்போது நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

"வேண்டாம்," என்றார் கருணாம்பிகை. "எத்தன நாளைக்கு ஓடுதுன்னு பாப்பம்."

கதவு இன்னும் திறக்கவில்லை. நாச்சிமுத்து டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.